கராச்சி எத்தனை மொட்டு தூரம்

இடது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சம்பங்கி மொட்டு. வலது கை ஊசியை அதன் கழுத்துக்குக் குறுக்கே செலுத்துகிறது. நெடுக்கே செலுத்தினால் சரம் சீக்கிரம் வளரும். ஆனால் நூல் மொட்டின் வாயை அடைத்துவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது விரியாது. குறுக்கே குத்தும்போதும் ஊசி கழுத்தின் நடுவில் போகவேண்டும். ஓரமாகப் போனால் மொட்டு தலை சாய்ந்துவிடும். அந்தக் கைகள் நடுவைத் தேடுவதில்லை. ஒரு மொட்டு இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து, மறுபடி இந்தப் பக்கம். சரம் வேண்டிய நீளத்துக்கு வந்ததும் அடியில் ஒரு சிவப்பு ரோஜா மொட்டு, ஒரு முடிச்சு. பிறகு கை அந்தச் சரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஒரு மொட்டில் மட்டும் வெண்மை கூடியிருக்கிறது. மற்றவற்றைவிட அது அரை நாள் மூத்தது. விரல்கள் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு, விட்ட இடத்தை மற்ற மொட்டுகளால் நெருக்கி மூடுகின்றன.

கைகளுக்குச் சொந்தக்காரி அஸ்மத்துன்னிசா. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், பள்ளிவாசலின் பாங்குச் சத்தம் நன்றாகக் கேட்கிற சந்தில் அவள் வீடு. முஸ்லிம் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் நெற்றியில் கட்டி, முகத்தை மறைத்து மார்பு வரை தொங்கவிடும் பூத்திரைக்குச் சேஹ்ரா என்று பெயர். அதைக் கட்டுவதுதான் அவள் தொழில். கணவன் பீர் முஹம்மதுவின் குடும்பத்தில் தலைமுறையாக ஆண்கள் செய்துவந்த வேலை அது. மருமகளாக வந்தவளுக்கு யாரும் எதையும் காட்டிக் கொடுக்கவில்லை. பூக்கூடை தூக்கிக் கொடுக்கிற வேலைதான் கிடைத்தது. அவள் வேறு வழி பார்த்தாள். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டார் கழற்றிப் போட்ட வாடிய சேஹ்ராக்களைக் கேட்டு வாங்கிவந்து, அடியிலிருந்து மேலாக முடிச்சு முடிச்சாக அவிழ்த்துப் பார்ப்பாள். எங்கே இரட்டை முடிச்சு, எங்கே ஒற்றை, நெற்றிப் பட்டையில் நூல் எத்தனை சுற்று என்று அவிழ்த்த கையாலேயே திரும்பக் கட்டுவாள். இப்படி ஒரு பத்து வருஷம். அதற்குள் பீர் முஹம்மதுவின் கண் மங்கிவிட்டது. "பூ வாங்கறதும் விக்கறதும் நான். கட்டறது அவ" என்று அவனே எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினான்.

அவளுடைய கணக்கு ஒன்றுதான். மாப்பிள்ளையின் முகத்திலிருந்து சேஹ்ராவை விலக்கும் நேரத்தில் பூ வாய் திறந்திருக்க வேண்டும். முன்னால் திறந்தால் துவண்டுவிடும். பின்னால் திறந்தால் யாருக்கும் பயனில்லை. திருவல்லிக்கேணியில் கல்யாணம் என்றால் அன்றைக்கு மாலை விரியப்போகும் வெள்ளை மொட்டு. அதற்கு அவள் வைத்த பெயர் இன்றைய மொட்டு. வாணியம்பாடி என்றால் ரயிலில் போய் மறுநாள் மாலை நிக்காஹ்; அதற்கு நாளைய மொட்டு. நுனி வெளுத்து, கழுத்தில் லேசாகப் பச்சை ஓடியிருக்கும். முழுக்கப் பச்சை மாறாதது மூன்றாம் நாள் மொட்டு. அதை அவள் கையால் தொட்டதே இல்லை.

ஒரே சேஹ்ராவில் இரண்டு வயது மொட்டுகளைக் கலக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் கட்டாயம். மிஞ்சிப்போன பழைய பூவைப் புதுப் பூவோடு சேர்த்து வாங்குகிறவர் தலையில் கட்டுகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். கலந்து கட்டினாள் என்ற பேச்சு ஒரு தடவை வந்தால் போதும், அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

1934, தை மாதக் கடைசி. பக்கத்துத் தெரு வஜீஹா ஆள் அனுப்பி அவளை வரச்சொன்னாள். வஜீஹா பிள்ளை பெற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. நாற்பது நாள் முடியும்வரை வாசற்படி தாண்டக்கூடாது. கட்டிலில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"ஆபா, அன்வர் பாஷாவுக்கு நிக்காஹ் வச்சுட்டாங்க."

அன்வர் பாஷா அவளுடைய ஒரே தம்பி. தோல் மண்டிக்காரர்கள் கராச்சித் துறைமுகத்துக்கு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கேயே ஒரு பெண் அமைந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! எப்போ?"

"அடுத்த வெள்ளிக்கிழமை, பொழுது சாஞ்சு மக்ரிப் தொழுகைக்கு அப்புறம். தம்பிக்குச் சேஹ்ரா அக்கா கையால வரணும், அதுதான் எங்க வழக்கம். நான் இங்கே இப்படிக் கெடக்கறேன். பொண்ணு வீட்டுல சரிகைச் சேஹ்ரா ஒண்ணு தயாரா வச்சிருக்காங்களாம். மக்ரிப் வரைக்கும் காத்திருப்பாங்க. என்னுது வரலே, வந்தும் வாடியிருந்ததுன்னா, அதைக் கட்டிடுவாங்க."

"கராச்சி எந்தப் பக்கம்?"

"பம்பாய்க்கும் அப்பால. ரயில்ல நாலு நாள்."

"நாலு நாள்ல பூ போகாது பீபி, பூவோட மையத்துதான் போகும்."

வஜீஹா சிரித்தாள். சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. "ரயில்லே யாரு அனுப்பறா? ஏரோப்ளேன்ல அனுப்பறேன் ஆபா!"

அவள் கணவன் அப்துல் வஹீத் கதவோரம் நின்று மீதியைச் சொன்னான். மண்டி முதலாளி மூலமாக விமான ஏஜெண்டிடம் பேசியாகிவிட்டது. தபால் விமானம் புதன்கிழமை மதியம் பரங்கிமலை மைதானத்தில் இறங்கும். வியாழக்கிழமை காலையில் கிளம்பும். வழியில் ஓர் இரவு தங்கல். மறுநாள் பம்பாய், ஆமதாபாத் எல்லாம் தாண்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்குக் கராச்சி. எல்லாமாக ஆயிரத்து முந்நூறு மைலுக்குமேல்.

மைல் அஸ்மத்துக்குப் புரியவில்லை. வியாழக்கிழமை காலை புறப்பட்டு வெள்ளிக்கிழமை மாலை என்பது புரிந்தது. விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ நாளைய மொட்டு! வஹீத் பாய், இது வாணியம்பாடிக் கல்யாணம்தான். கராச்சியைக் கொண்டாந்து வாணியம்பாடிப் பக்கத்துல வச்சுட்டாங்களா?"

"அப்படித்தான்னு வச்சுக்குங்க" என்றான் வஹீத்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நான்கு நாள் தூரத்தில் இருக்கிற முகத்தில் தன் பூ மறுநாளே தொங்கப்போகிறது. சந்து முனையில் பீர் முஹம்மதுவைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். அவன் மேலே வானத்தைப் பார்த்துவிட்டு, "அங்கே வெயிலு எப்படி இருக்குமோ" என்றான்.

அந்த ஒரு பேச்சுதான் அவளைத் திருப்பிவிட்டது. மொட்டைமாடிக்குப் போனாலே உச்சி சுடுகிறது. ஓட்டுக்கு மேலே கை வைக்க முடியவில்லை. அப்படியிருக்க, மேகத்துக்குப் பக்கத்தில் சூரியனை ஒட்டிப் போகிற வண்டியில் என்ன சூடு இருக்கும்! சூடு பட்டால் மொட்டு அவசரப்படும். நாளைய மொட்டு வியாழக்கிழமையே விரிந்து, வெள்ளிக்கிழமை பழுத்துக் கொட்டிவிடும். ஆகவே ஒரு வயது இறங்கவேண்டும். சும்மா சொல்லிவிட அவளுக்கு மனமில்லை, சோதித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் மொட்டில் ஒரு சரம் கோத்து, பிஸ்கட் டின்னில் வாழைப்பட்டை சுற்றி வைத்து, கூரை ஓட்டின் மேல் ஏற்றினாள். மறுநாள் மாலை, கச்சிதமாக மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்தில், சரம் முழுவதும் வாய் திறந்திருந்தது. தெருவில் இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

புதன்கிழமை காலையிலிருந்து அவள் கோத்துக்கொண்டிருந்தது அந்தப் பச்சை மொட்டுகளைத்தான். மதியத்துக்குள் பாதிக்குமேல் முடிந்துவிட்டது. சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் சம்பங்கித் தோட்டம் வைத்திருந்த வேலு, "பூக்காரம்மாவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, பிஞ்சா கேக்குது" என்று சொல்லிக்கொண்டே கொடுத்த மொட்டுகள் அவை.

பெட்டியை விமானத்தில் எந்த இடத்தில் வைப்பார்கள் என்று பார்த்துவிட்டால், அதற்குத் தகுந்த அளவில் ஓலைப்பெட்டி எடுக்கலாம் என்று நினைத்தாள். வஹீத் ஜட்கா பிடித்தான். சைதாப்பேட்டைப் பாலம் தாண்டிப் பரங்கிமலை அடிவாரத்துக்குப் போகும்போதே தலைக்கு மேலே இரைச்சல் கேட்டது. குதிரை மிரண்டு ஓரம் ஒதுங்கியது. ஜட்காக்காரன் திட்டினான். அஸ்மத் துப்பட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். ஒரு தட்டான்பூச்சி அளவில் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரண் அளவு பெருத்து, மைதானத்துப் புல்லில் இரண்டு குதி குதித்து நின்றது.

"யா அல்லாஹ்! அதுக்குள்ளேயா?"

விமானி இறங்கினான். இளவயது ஆள். போட்டிருந்த கனமான தோல் கோட்டைக் கழற்றிப் புல்லில் எறிந்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கொட்டகைக்குள் போய்விட்டான். விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றுகிற கோதண்டபாணி ஏணிமேல் நின்று, புனலில் வடிகட்ட மெல்லிய தோலை விரித்து டின்னைச் சாய்த்தான். அஸ்மத் வந்த விஷயத்தை வஹீத் அவனிடம் சொன்னான்.

"பூவா? இதுல பூவு போற கதைய இப்பத்தான் கேக்கறேன்" என்று கோதண்டபாணி கீழே பார்த்தான். "பாத்துக்கம்மா, தண்ணி ஒயுகக் கூடாது. உள்ளாற பூரா கடுதாசிதான் கீது. ஒரு சொட்டு பட்டாலும் ஏஜெண்டு என்னியத்தான் கேப்பாரு."

"தண்ணி தெளிக்க மாட்டேன் நைனா. வாழைப்பட்டையில இருக்கிற ஈரம் போதும். சூடு மட்டும்தான் எனக்குப் பயம்."

"இன்னா சூடு?"

"மேலே. சூரியன் பக்கத்துல."

கோதண்டபாணி டின்னை நிமிர்த்திவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஏணியே ஆடியது. "இன்னாம்மா நீ! மேல போனா குளுரு! தொரை வெயில் காலத்துலயும் கோட்டு போட்டுக்கினுதான் ஏர்றாரு, பாக்கல? அந்தக் கோட்டைத் தொட்டுப் பாரு, இப்பத்தான் இறங்கிக்கீது."

அவள் குனிந்து தோல் கோட்டின் உள்மடிப்பில் உள்ளங்கையை வைத்தாள். மத்தியான வெயிலில் கிடந்த அந்தக் கோட்டு, மடிப்புக்குள்ளே இன்னமும் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

கையை எடுக்கவில்லை. எடுத்தால் தெரிந்தது தெரியாமல் போய்விடும் என்பதுபோல அப்படியே வைத்திருந்தாள். குளிரில் மொட்டு தூங்கும். பச்சை மொட்டு வெள்ளிக்கிழமை மாலைக்கு விழிக்கவே விழிக்காது. அன்வர் பாஷாவின் முகத்தில் பச்சைப் பாசிமணி மாதிரி தொங்கும். பெண் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சரிகைச் சேஹ்ராவை எடுத்துக்கொள்வார்கள்.

"எவ்வளவு குளிரு நைனா? ராத்திரி முழுக்கவா?"

"பறக்கற வரிக்கும்தான். கீழ நின்னா இது அடுப்பு மாரி. ராத்திரிக்கு எங்க நிக்குதோ, அந்த ஊரு இன்னா வெக்கையோ! மேல ஐசு, கீழ நெருப்பு. உன் பூவு இன்னா பண்ணும், பாவம்."

ஜட்கா திரும்பியது. வஹீத் இரண்டு தடவை என்ன என்று கேட்டுப் பார்த்தான். அவள் விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். இன்றைய மொட்டு வைத்தால் கீழே நிற்கும்போது வெக்கையில் விரிந்து கெட்டுப்போகும். நாளைய மொட்டு வைத்தால் குளிரில் எவ்வளவு நேரம் தூங்குமோ தெரியாது. மூன்றாம் நாள் மொட்டு ஆகவே ஆகாது என்றும் சொல்ல முடியவில்லை, வழியில் அனல் அடித்தால் அதுதான் மிஞ்சும். எதை எடுத்தாலும் சூதாட்டம்தான். சைதாப்பேட்டைப் பாலத்தின் மேல் ஏறும்போது திடீரென்று, "நிறுத்து! வேலு தோட்டத்துக்கு விடு!" என்று கத்தினாள். ஜட்காக்காரன் பயந்துபோய் லகானை இழுத்தான்.

வேலு பாத்தியில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னா பூக்காரம்மா, மறுபடியும் பிஞ்சா?"

"இல்லே. எல்லா வயசும் வேணும். நாள் கணக்கு நாளைக் காலையிலேருந்து. நாளைய மொட்டு ஒரு கூடை, இன்றைய மொட்டு அரைக்கூடை. காலையில வாங்கின பச்சை வீட்டுல இருக்கு."

வேலு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டான். "நீயா? கலந்து கட்டப் போறியா? என்னாண்ட ஒரு மொட்டு மூத்ததுன்னு கூடையத் திருப்பி அனுப்பின ஆளாச்சே நீ!"

"வாயை மூடிட்டுக் கிள்ளு வேலு, பொழுது சாயுது!"

அவனும் அவளும் இரண்டு பக்கத்திலிருந்தும் கிள்ளினார்கள். வஹீத் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினான். அவன் கிள்ளியதில் பாதியை அவள் எறிந்தாள்.

வீட்டுக்குப் போகுமுன் வஜீஹாவிடம் போய் நின்றாள். சொல்லாமல் செய்ய அவளால் முடியாது.

"பீபி, நான் வயசு கலந்து கட்டப் போறேன். இதுவரைக்கும் செஞ்சதில்லே. வெளிச்சரத்துல இன்றைய மொட்டும் நாளைய மொட்டும் ஒண்ணு விட்டு ஒண்ணு, நடுவுல முழுக்க நாளைய மொட்டு, முகத்தை ஒட்டி உள்ளே பச்சை. மேலே குளிருன்னா வெளிச்சரம் விரியும், உள்ளே மூடியிருக்கும். வழியிலே வெக்கைன்னா வெளியே இருக்கிற மூத்தது உதிரும், உள்ளே இருக்கிறது விரியும். வாடினதைக் கிள்ளிப்போட்டாலும் திரை நிக்கிற மாதிரி சரத்தை நெருக்கிக் கட்டிடுவேன். எப்படிப் போனாலும் அன்வர் முகத்துல பூ இருக்கும். ஆனா முழுக்க ஒரே மாதிரி இருக்காது. பார்க்கிறவங்க மட்டமான வேலைன்னு சொன்னா அந்தப் பேர் எனக்குத்தான். வேண்டாம்னா இப்பவே சொல்லிடு."

வஜீஹா குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். "கல்யாணக் கூட்டத்துல எல்லாரும் ஒரே வயசா வருவாங்களா ஆபா? கிழவன், குமரன், கைப்பிள்ளை எல்லாரும்தானே வர்றாங்க. கட்டுங்க!"

"சொல்லிட்டே இல்லே? அப்புறம் என் மேல பழி இல்லே!"

"போங்க ஆபா, பேச்சுல பூ விரிஞ்சுடும்!"

பிறகு வீட்டில் யாரும் உட்காரவில்லை. பீர் முஹம்மது மொட்டுகளை மூன்று முறத்தில் பிரித்துக் கொட்டினான்; கண் மங்கியவன் விரலால் கழுத்தைத் தடவியே வயதைச் சொன்னான், இரண்டு இடத்தில் மட்டும் தவறினான், அதற்கு அவள் திட்டியதற்கு அவன் பதில் திட்டினான். காலையில் கோத்த பச்சைச் சரங்கள் அப்படியே உள்வரிசைக்குப் போயின. நெற்றிப் பட்டையை அவள் புதிதாகப் பின்னினாள். மூன்று வரிசைச் சரமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வெளியிலிருந்து பார்க்க ஒரே திரையாகத் தெரியும்படி முடிச்சுகளை மாற்றி மாற்றிப் போட்டாள். மேல் வரிசையில் ஒரு மொட்டு குறைந்தாலும் கீழ் வரிசை தெரிந்துவிடும். இரண்டு சரத்தை அவிழ்த்து மறுபடி கட்டினாள். விடியலில் சுப்ஹு பாங்கு சொல்லும்போது கடைசி ரோஜா மொட்டுக்கு முடிச்சு விழுந்தது.

வாழைப்பட்டையின் உள்பக்கத்தைத் துணியால் ஒற்றினாள். ஒரு சொட்டும் ஒழுகக் கூடாது, ஆனால் விரல் வைத்தால் ஈரம் தெரியவேண்டும். அந்த அளவு வந்ததும் சேஹ்ராவை மடிக்காமல் சுருட்டி உள்ளே படுக்கவைத்து, ஓலைப்பெட்டியை மூடிச் சணலால் கட்டினாள்.

மைதானத்தில் பனி இன்னும் கலையவில்லை. தபால் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கோதண்டபாணி தூரத்திலேயே கையாட்டினான். "வந்துக்கீதுபா பூக்காரம்மா! பாம்பு கீம்பு எதுனா வச்சிருக்கியா, பெட்டி இம்மாம் நீளம் கீது?"

"உன் கண்ணு பட்டுத்தான் வாடும். தள்ளு நைனா."

போகுமுன் ஒரு தடவை சணலைத் தளர்த்தி மூடியைத் தூக்கினாள். வஹீத்தும் எட்டிப் பார்த்தான். வெளிச்சரத்தில் மூத்த மொட்டுகளின் நுனியில் மெல்லிய கீறல் விட்டிருந்தது, நகத்தால் கோடு போட்டதுபோல. நடுச்சரம் மூடியிருந்தது. உள்ளே பச்சை அசையவில்லை. அவள் எதிர்பார்த்தது அதுதான். அடங்காமல் வஹீத்தின் தோளில் ஓர் அடி போட்டாள். "பாருங்க பாய், பாருங்க! ஒண்ணு கிளம்பியாச்சு, ஒண்ணு நிக்குது, ஒண்ணு தூங்குது!"

விமானி கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். இந்துஸ்தானியில் கேட்டான், "எங்கே வைக்கணும் அம்மா? என் காலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. எஞ்சின் சூட்டில் கதகதப்பாக இருக்கும்."

"காலுக்குப் பக்கத்துல வேண்டாம் மகனே! பின்னாலே, தபால் பைக்கு மேலே. குளிர்ந்தாலும் பரவாயில்லே, சூடு மட்டும் வேண்டாம். ராத்திரி நிக்கிற ஊரிலே இதை வண்டிக்குள்ளே விட்டுடாதே. உன்கூடவே எடுத்துட்டுப் போய் எங்கேயாவது நிழலா இருக்கிற தரையில வை. திறக்காதே. கராச்சியிலே மாப்பிள்ளையோட ஆளு வந்து வாங்கிக்குவாங்க."

"ராத்திரி என் கட்டிலுக்கு அடியில் வைக்கிறேன். போதுமா?"

"போதும், போதும்!"

எஞ்சின் ஒருமுறை இருமிப் பிடித்துக்கொண்டது. விமான விசிறியின் காற்றில் புல் படுத்தது, அவள் துப்பட்டி பின்னால் பறந்தது. விமானி ஒரு காலைப் படியில் வைத்து ஏறி, திரும்பி, இரண்டு கையையும் நீட்டினான். அஸ்மத்துன்னிசா பெட்டியை நெஞ்சிலிருந்து எடுத்து, அந்த இரண்டு கைகளிலும் வைத்தாள்.